யாரும் பூட்டிவைக்க முடியாத இயங்குதளம்: லினக்ஸ் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் இந்தப் பகுதியில், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடியில் இயங்குவது லினக்ஸ்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பாடக் குறிப்பில் லினக்ஸை உருவாக்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்று இருக்கிறது. என் அண்ணனோ, அந்தப் பெருமை ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கே உரியது என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?
— கல்லூரி மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் பாடக் குறிப்பும் தவறில்லை, அண்ணனும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுமையாகும்.

முதலில் தொடங்கியவர் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உள்ள செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் அவர் நிரலராக இருந்த காலத்தில், ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எடுத்துத் திருத்துவது அங்கே இயல்பான வழக்கமாக இருந்தது. அந்த ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. பழைய அச்சுப்பொறியில், இப்படி ஏதேனும் நேர்ந்தால் காத்திருப்பவரின் திரைக்கே தகவல் போகும்படி அவர்கள் நிரலைத் திருத்தி வைத்திருந்தார்கள். புதிய பொறியிலும் அதையே செய்ய நினைத்த ஸ்டால்மனுக்கு அதன் மூலநிரல், அதாவது நிரலர்கள் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஆய்வாளரை அவர் நேரில் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தம் கண்ணெதிரே பழுதுபட்டு நிற்கும் ஒரு பொருளைச் சரிசெய்யத் தெரிந்தும் அதைத் தொட முடியாத நிலை ஸ்டால்மனை ஆழமாகப் பாதித்தது.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று, அன்று புழக்கத்தில் இருந்த யுனிக்ஸ் என்ற இயங்குதளம் போன்று இயங்கக்கூடிய, ஆனால் எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அவர் அறிவித்தார். அதுவே க்னூ திட்டம். இந்த உரிமைகளோடு வரும் மென்பொருளையே கட்டற்ற மென்பொருள் என்கிறோம். தாம் எழுதுவதற்கு நிறுவனம் உரிமை கோரிவிடக்கூடாது என்பதற்காக 1984 ஜனவரியில் வேலையையும் விட்டார். அடுத்த ஆறேழு ஆண்டுகளில் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஈமாக்ஸ் உரைத்தொகுப்பி, மூலநிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் எனப் பல உறுப்புகளை ஒவ்வொன்றாகச் செய்து முடித்தார்கள். எஞ்சியிருந்த முக்கியமான உறுப்பு கெர்னல் மட்டுமே. அதாவது, மென்பொருள்களுக்கும் வன்பொருளுக்கும் இடையில் நின்று, நினைவகத்தையும் பிராசஸரின் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல். அதற்காக 1990-இல் ஹர்ட் என்ற பெயரில் தொடங்கிய வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போயிற்று.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த இடத்தில்தான் வருகிறார். 1991-ஆம் ஆண்டு ஜனவரியில் 386 வகைப் பிராசஸரும் 4 மெகாபைட் நினைவகமும் கொண்ட ஒரு கணினியைத் தவணையில் வாங்கினார். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் மாணவர்களுக்காக எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை அதில் போட்டுப் பார்த்தார். அதன் குறைகள் அவரை உறுத்தின. பல்கலைக்கழகக் கணினியோடு மோடம் வழியாகத் தொடர்புகொள்ள ஒரு சிறு நிரல் எழுதத் தொடங்கியவர், கோப்புகளைச் சேமிக்க ஒரு பகுதி, வட்டைக் கையாள ஒரு பகுதி என்று சேர்த்துக்கொண்டே போய், ஓர் இயங்குதளத்தின் கெர்னலையே எழுதிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களுக்கு அவர் எழுதிய மடலில், இது வெறும் பொழுதுபோக்குதான், க்னூ அளவுக்குப் பெரிதாகவோ தொழில்முறையாகவோ இருக்காது என்று குறிப்பிட்டிருந்தார். செப்டம்பரில் வெளியான முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன.

அந்தக் கெர்னலை உருவாக்கிச் சோதித்துப் பார்க்க டோர்வால்ட்ஸ் பயன்படுத்திய கம்பைலர் ஸ்டால்மன் எழுதிய ஜிசிசி என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கெர்னல் இல்லாத இயங்குதளத்தை வைத்திருந்தார். மற்றவர் இயங்குதளம் இல்லாத கெர்னலை வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்ததையே நாம் சுருக்கமாக லினக்ஸ் என்கிறோம். க்னூ/லினக்ஸ் என்று முழுமையாகச் சொல்ல வேண்டும் என ஸ்டால்மன் வற்புறுத்திவருவதில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆகவே, தேர்வில் ‘கெர்னலை எழுதியவர்’ என்று கேட்டால் டோர்வால்ட்ஸ் என எழுதுங்கள். ‘கட்டற்ற இயங்குதளம் என்ற திட்டத்தைத் தொடங்கியவர்’ என்று கேட்டால் ஸ்டால்மன் என எழுதுங்கள்.

கேள்வி: இவ்வளவு உழைத்து எழுதியதை ஒருவர் ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்? விற்றிருந்தால் பெரும் செல்வந்தராகியிருப்பாரே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை

பதில்: ஐயா, தங்கள் கேள்விக்கு இரண்டு அடுக்குகளாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டோர்வால்ட்ஸின் தொடக்ககால மனநிலையைக் காட்ட இரண்டு நிகழ்ச்சிகள் போதும். பணம் அனுப்பட்டுமா என்று சிலர் கேட்டபோது, பணம் வேண்டாம், ஒரு அஞ்சலட்டை அனுப்புங்கள் என்றார். நியூசிலாந்து, ஜப்பான் எனப் பல நாடுகளிலிருந்து அட்டைகள் வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் அவருடைய தங்கைக்கே அண்ணன் ஏதோ பெரிய காரியம் செய்கிறான் என்பது தெரியவந்தது. மற்றொன்று, ஜெர்மனியில் இருந்த ஒரு பயனரைப் பற்றியது. அவருடைய கணினியில் 2 மெகாபைட் நினைவகமே இருந்ததால் கெர்னலை கம்பைல் செய்ய இயலவில்லை. டோர்வால்ட்ஸுக்கு அந்தத் தேவை இல்லை, அவரிடம் 4 மெகாபைட் இருந்தது. ஆனாலும் 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகம் போதாதபோது வட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்தும் வசதியை அவர் எழுதிச் சேர்த்தார். முகம் தெரியாத ஒருவருக்காக எழுதிய அந்த வசதி மினிக்ஸில் இல்லாதது. அதற்காகவே பலர் லினக்ஸுக்கு மாறினார்கள்.

இரண்டாவது அடுக்கு உரிமம் பற்றியது. இந்த வரலாற்றில் இதுவே மிக முக்கியமான திருப்பம் என்பது என் உறுதியான கருத்து. லினக்ஸை எவரும் காசுக்குக் கொடுக்கக்கூடாது என்பதுதான் டோர்வால்ட்ஸ் முதலில் வைத்த நிபந்தனை. வட்டில் படியெடுத்துக் கொடுப்பவர் வட்டின் விலையைக்கூட வாங்க முடியாது என்ற நிலை. 1992-இன் தொடக்கத்தில் அவர் அதைக் கைவிட்டு, ஸ்டால்மன் உருவாக்கிய ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் லினக்ஸைக் கொண்டுவந்தார். இதன்படி யாரும் விற்கலாம், லாபமும் பார்க்கலாம். ஆனால் திருத்திய வடிவத்தைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும். விதைநெல் வாங்கிச் சென்றவர் விளைச்சலை விற்றுக்கொள்ளலாம், ஆனால் கேட்டு வருபவருக்கு விதைநெல்லை மறுக்கக்கூடாது என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு வைத்தது போன்றது இது. லினக்ஸுக்காகத் தாம் செய்தவற்றிலேயே சிறந்தது இந்த உரிமத்தின் கீழ் அதை வைத்ததுதான் என்று டோர்வால்ட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த ஒரு நிபந்தனைதான் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கும் நிறுவனங்களை ஒரே நிரலில் வேலை செய்ய வைத்தது. இன்டெல், கூகுள், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து லினக்ஸ் கெர்னலில் எழுத வைக்கின்றன. 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று வருணித்தவர் மைக்ரோசாப்ட் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர். அதே மைக்ரோசாப்ட் 2016-இல், லினக்ஸ் வளர்ச்சிக்குத் துணைநிற்கும் அமைப்பான லினக்ஸ் பவுண்டேஷனில் பணம் கட்டி உறுப்பினரானது. லினக்ஸைச் சுற்றிச் சேவை வழங்கி வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019-இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. டோர்வால்ட்ஸும் வறுமையில் வாடவில்லை: அமெரிக்காவில் குடியேறி, லினக்ஸ் பவுண்டேஷனின் ஊதியத்தில் முழுநேரமும் கெர்னல் பணியைச் செய்துவருகிறார். விற்றிருந்தால் இதைவிடச் செல்வந்தராகியிருப்பாரா என்று கேட்டால், ஒரு மாணவர் விற்கும் இயங்குதளத்தை 1991-இல் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பதே என் பதில்.

கேள்வி: லினக்ஸின் சின்னமாகப் பென்குயின் வந்தது எப்படி?
— எட்டாம் வகுப்பு மாணவன், நெல்லிக்குப்பம்

பதில்: ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஒரு விலங்குக் காட்சியகத்துக்குப் போன டோர்வால்ட்ஸை அங்கிருந்த சிறு பென்குயின் ஒன்று லேசாகக் கொத்தியது, அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பறவை மீது பிரியம். 1996-இல் சின்னம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அவர் பென்குயினைச் சொல்ல, லாரி யூயிங் என்பவர் ஜிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளிலேயே அதை வரைந்து கொடுத்தார்.

கேள்வி: நான் ஒரு சிறிய கணினி மையம் நடத்துகிறேன். என்னிடம் உள்ள கணினிகள் பழையவை. விண்டோஸ் 11 ஏற்கவில்லை. எல்லாவற்றையும் மாற்ற வசதியில்லை. லினக்ஸ் போடலாமா, வாடிக்கையாளர்கள் திரும்பிப் போய்விடுவார்களா?
— கணினி மைய உரிமையாளர், மஞ்சக்குப்பம்

பதில்: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இந்தக் கேள்வி உங்களைப் போன்ற பலருக்கும் இப்போது எழுந்திருக்கும். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழையது என்ற காரணத்துக்காக அதைக் கழித்துக்கட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

லினக்ஸ் கெர்னலோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் லினக்ஸ் மின்ட் என்ற தொகுப்பின், பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எப்சிஇ வடிவத்தைப் பரிந்துரைக்கிறேன். 4 ஜிபி நினைவகம் இருந்தால் வசதியாக ஓடும். 2 ஜிபியிலும் சமாளிக்கும். நிறுவுவதற்கு முன்பே சோதிக்கலாம் என்பது இதில் பெரிய வசதி. அதன் கோப்பைப் பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்தே தொடங்குங்கள். வட்டில் எதையும் தொடாமல் முழு இயங்குதளமும் திரையில் வந்து நிற்கும். அந்த நிலையிலேயே வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா, ஸ்கேனர் படம் எடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸில் டிரைவர் கிடைப்பது கடினம் என்பதால், பிரிண்டர் சோதனையை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும், கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொண்டு நிறுவுங்கள்.

உங்கள் மையத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் செய்வது இணையவழி விண்ணப்பம், மின்கட்டணம், டிக்கெட் முன்பதிவு, சான்றிதழ் அச்செடுப்பு ஆகியவைதானே? இவை அனைத்தும் உலாவியில் நடப்பவை. பயர்பாக்ஸோ குரோமோ திறந்திருந்தால் கீழே எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பதை வாடிக்கையாளர் கவனிப்பதே இல்லை. கடிதம், பயோடேட்டா தட்டச்சுக்கு லிப்ரே ஆபிஸ் போதும். தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் உள்ளீட்டு அமைப்பில் சேர்த்தாலே கிடைத்துவிடும். தனியாக வாங்க வேண்டியதில்லை.

தடை எங்கே வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை வேலைக்குப் பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் வைத்திருந்தால் அவை லினக்ஸில் நேரடியாக ஓடா. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ள பழைய கோப்புகளை, அந்த எழுத்துருக் கோப்பைப் படியெடுத்துப் போட்டால் படிக்கலாம். ஆனால் அந்த முறையிலேயே தொடர்ந்து தட்டச்சு செய்ய உங்களிடம் உள்ள விண்டோஸ் மென்பொருள் உதவாது. கணக்கு மென்பொருளான டாலியும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆகவே, இந்த வேலைகளுக்கென்று ஒரு நல்ல கணினியை விண்டோஸிலேயே வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுவதே உங்கள் தொழிலுக்குப் பொருத்தமான வழி.

கேள்வி: பிரான்சில் இருக்கும் என் மகன், அங்கே காவல் படையே லினக்ஸில் இயங்குகிறது என்கிறான். உண்மையா? நம் நாட்டில் ஏன் அப்படி நடக்கவில்லை?
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உண்மைதான். பிரான்சின் தேசிய ஜாந்தார்மெரி என்ற காவல் படை பல பத்தாயிரம் கணினிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் தழுவல் ஒன்றைப் பயன்படுத்துகிறது. அவர்கள் கையாண்ட வரிசை கவனிக்கத்தக்கது. 2005 வாக்கில் விண்டோஸை வைத்துக்கொண்டே ஓப்பன் ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கு மாறினார்கள். அடுத்து பயர்பாக்ஸ் உலாவி, தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருள் என்று பழகினார்கள். அன்றாடம் தொடும் மென்பொருள்கள் எல்லாம் கைவந்த பிறகு, 2008 முதல் அடியில் இருந்த இயங்குதளத்தை மாற்றினார்கள். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியோ ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. தொழில்நுட்பம் மட்டும் இருந்தால் போதாது, நிர்வாகத்தின் உறுதி நீடிக்க வேண்டும் என்பதற்கு அது சான்று. இன்னொன்றும் சொல்கிறேன்: நம் வீடுகளில் படம் பார்க்கப் பயன்படும் விஎல்சி பிளேயரும் பிரெஞ்சு மாணவர்கள் தொடங்கி, 2001-இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்ட கட்டற்ற மென்பொருளே.

நம் நாட்டில் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு பாஸ் என்ற லினக்ஸ் தொகுப்பை இந்திய மொழிகளின் ஆதரவோடு உருவாக்கியது; தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. அதைத் திறந்து காட்டவும் கற்றுக்கொடுக்கவும் ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி தந்திருந்தால், கடலூர் மாவட்டத்திலேயே ஒரு தலைமுறை லினக்ஸ் பழகியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எனினும் தங்கள் கையிலேயே லினக்ஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘செட்டிங்ஸ்’ சென்று ‘அபௌட் போன்’ பகுதியில் மென்பொருள் விவரங்களைத் திறந்து பாருங்கள். ‘கெர்னல் வெர்ஷன்’ என்ற வரியில் 5.10 அல்லது 6.1 என்பது போல ஓர் எண் தொடங்கும். அது டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலின் பதிப்பு எண். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அனைத்துமே லினக்ஸில் இயங்குபவை. 2021-இல் செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுயிட்டி என்ற சிறு ஹெலிகாப்டரிலும் லினக்ஸே இருந்தது.

கேள்வி: டோர்வால்ட்ஸ் சக நிரலர்களைக் கடுமையாகத் திட்டுவார் என்று படித்தேன். அப்படிப்பட்டவரை மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா?
— பள்ளி ஆசிரியை, வில்லியனூர்

பதில்: அவர் திட்டியது உண்மை. தரமற்ற நிரலை அனுப்பியவர்களுக்கு அவர் எழுதிய சில மடல்கள் நாகரிகத்தின் எல்லையை மீறியவை. அதனால் மனம் நொந்து விலகியவர்களும் உண்டு. 2018 செப்டம்பரில் அவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, பிறருடைய உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாகச் சொல்லிச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அந்த இடைவெளியில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் என்ற மூத்த நிரலர் கெர்னலின் 4.19 பதிப்பை வெளியிட்டார், வேலை நிற்கவில்லை. ஸ்டால்மனும் தம் கருத்துகளால் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 2019-இல் எம்.ஐ.டி.யிலிருந்தும் தாம் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைமையிலிருந்தும் விலகினார். 2021-இல் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவுக்கு மட்டும் திரும்பினார். இவர்களுடைய உழைப்பை மாணவர்களுக்குச் சொல்லும்போது இவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நிரல் எழுதத் தெரியாது. தமிழ் நன்றாக எழுதுவாள். இந்த முயற்சிகளில் அவளுக்கு இடம் உண்டா?
— வாசகி, பாகூர்

பதில்: நிச்சயமாக உண்டு, அம்மா. கெர்னலில் வேலை செய்பவர்கள் ஒரு வகையினர் என்றால், அதன் மேல் அமரும் க்னோம், கேடிஇ திரைச்சூழல்கள், லிப்ரே ஆபிஸ் போன்றவற்றில் பங்களிப்பவர்கள் அதைவிடப் பலவகைப்பட்டவர்கள். மெனுப் பட்டியல்களில் வரும் சொற்களைத் தமிழாக்குவது, உதவிக் குறிப்புகளை எழுதுவது, எழுத்துப்பிழை திருத்திக்கான சொற்பட்டியலைச் சரிபார்ப்பது, தமிழ் எழுத்து உடைந்து தெரியும் இடங்களைப் படம்பிடித்துப் புகாரளிப்பது எனத் தமிழ் தெரிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய பணிகள் ஆள் இல்லாமல் கிடக்கின்றன.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அனுப்பும் மாற்றங்களைச் சீராகக் கையாள்வதற்காக 2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்ற கருவியைத்தான் இன்று உலகெங்கும் மென்பொருள் துறை பயன்படுத்துகிறது. எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது அதில் பெயரோடு பதிவாகும். உங்கள் மகள் பின்னர் எந்தத் துறைக்குச் சென்றாலும், தாம் செய்த வேலையை வேலைக்கான நேர்காணலில் திறந்து காட்டலாம்.

இப்போது தேர்வுக்குப் படிக்கட்டும். தேர்வு முடிந்த பிறகு, லிப்ரே ஆபிஸ் ரைட்டரின் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி, பட்டியல்களில் ஆங்கிலமாகவே நிற்கும் வரிகளையும் தவறாகத் தோன்றும் வரிகளையும் ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பைத் தமிழாக்கக் குழுவுக்கு அனுப்பினாலே அது முதல் பங்களிப்பாக ஏற்கப்படும்.